கோடிங் தெரியாமல் ஆப் செய்ய வரும் தம்பி, தங்கைகளுக்கு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகன், வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை, சுங்குடிச் சேலையை வாட்ஸ்அப்பில் விற்கும் பெண், வாடகை வேன் ஓட்டும் இளைஞர். இப்போது என்னைத் தேடி வருகிறவர்கள் இவர்கள்தான். எல்லோரும் கேட்பது ஒன்றே: "எனக்குக் கோடிங் தெரியாது சார். ஏஐ வைத்தே ஆப் செய்யலாம் என்கிறார்களே, செய்யலாமா?"

செய்யலாம். பாக்ஸ்ப்ரோ காலத்திலிருந்து மதுரைக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி வந்தவன் தயங்காமல் சொல்கிறேன், தாராளமாகச் செய்யலாம். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்பாத்தி என்ற கணினி அறிஞர் இந்த முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் காலின்ஸ் அகராதி அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்துவிட்டது. வேண்டியதைப் பேச்சு வழக்கில் சொன்னால் ஏஐ கருவி கோடு எழுதித் தரும். எழுதியதை வாசிக்கக்கூட வேண்டாம் என்பதுதான் அந்த முறை. ஆனால் வார இறுதியில் செய்து பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுகிற வேலைகளுக்கு இது மோசமில்லை என்றும் அவர் அதே பதிவில் எழுதியிருந்தார். பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். உங்கள் ஆப்பில் இன்னொருவரின் பணமோ, பெயரோ, பிள்ளையின் மதிப்பெண்ணோ ஏறிவிட்டால் அது தூக்கிப்போடுகிற வேலை இல்லை. கோடு எழுதும் பாரத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும். பொறுப்பு உங்களிடமே நிற்கும். நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பொறுப்பைப் பற்றித்தான்.

1. உங்கள் தொழிலுக்கே முதல் ஆப்

உணவு டெலிவரி, வாடகை வண்டி, எல்லாம் கிடைக்கும் கடை என்று ஏற்கெனவே பெரிய கம்பெனிகள் நடத்துவதைப் போல ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலை இருக்கும். அங்கே தொடங்குங்கள்.

இந்தியாவில் கடைக்குக் கடை ஓடும் டேலி என்ற கணக்கு மென்பொருள் எப்படி வந்தது என்று தெரியுமா? அதைத் தொடங்கிய ஷியாம் சுந்தர் கோயங்கா மென்பொருள்காரர் இல்லை. ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்றவர். தம் கணக்குக்கு ஒத்துவரும் மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம், நீயே எழுது என்றார். 1986-இல் பெங்களூரில் அப்படித் தொடங்கியது அந்தக் கம்பெனி. தகப்பனுக்குத் தொழில் தெரியும், மகனுக்குக் கோடு தெரியும். இன்றைக்கு அந்த மகனின் இடத்தில் ஏஐ உட்கார்ந்திருக்கிறது. தகப்பனின் இடம் உங்களுடையது. அங்கே உட்கார வேறு யாராலும் முடியாது.

பூக் கமிஷன் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பூ வருகிறது. ஒரே மல்லிக்கு விடியற்காலை ஒரு விலை, எட்டு மணிக்கு வேறு விலை. விவசாயி போன மாதம் வாங்கிய முன்பணத்தை இன்றைய சரக்கில் கழிக்க வேண்டும். நனைந்த பூவுக்கு எடையில் தள்ளுபடி. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் போகிற பூ, வரத்து கூடிய நாளில் சில நூறுக்கு இறங்கிவிடும். அன்றைக்குப் பற்று வைத்தவர் எந்த விலைக்குப் பணம் தர வேண்டும்? எந்த ஊர் ஐடி கம்பெனிக்காரரும் இதைக் கேட்டுக்கூட இருக்க மாட்டார். கல்லாவில் உட்கார்ந்தவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். உங்கள் முதலீடு அதுதான்.

2. கருவியைத் திறக்கும் முன் நோட்டைத் திறங்கள்

ஒரு வாரம் வேலை எப்படி நடக்கிறது என்று கையால் எழுதுங்கள். யார் வருகிறார்கள், என்ன தருகிறார்கள், எதைக் குறித்துக்கொள்கிறீர்கள், மாலையில் எந்தக் கணக்கைப் பார்க்கிறீர்கள். அதைவிட முக்கியம், வழக்கத்துக்கு மாறாக நடந்தவை எல்லாவற்றையும் தனியாக எழுதுங்கள். பாதிப் பணம் கொடுத்தவர், பெயர் மாறிப் பதிவானவர், அண்ணன் கணக்கில் தம்பி வாங்கிப்போனது. ஆப் உடைவது இந்த இடங்களில்தான்.

"பூக்கடைக்கு ஒரு ஆப் செய்து கொடு" என்று கேட்டால் கருவி அழகாக ஒன்றைச் செய்துதரும். ரோஜாப் படம் போட்டு, பொக்கே விற்கும் கடையாக இருக்கும் அது. மதுரைக் கமிஷன் கடை அதில் இருக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "விவசாயி பூ கொண்டுவருவார். நாங்கள் வாங்குவதில்லை, அவருக்காக விற்றுக் கொடுக்கிறோம். ஒரு நாளில் ஒரே பூவுக்குப் பல விலை வரலாம். விற்ற தொகையில் கமிஷனும் முன்பணத் தவணையும் கழித்து மீதியைத் தருவோம். முன்பணம் எவ்வளவு பாக்கி என்று அவர் எப்போது கேட்டாலும் சொல்ல வேண்டும். கோடு எழுதும் முன், உனக்குப் புரியாததை என்னிடம் கேள்." அந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். கேட்கச் சொல்லாவிட்டால் கருவி தானாக எதையோ ஊகித்துக்கொண்டு எழுதிக்கொண்டே போகும். அந்த ஊகம் எங்கே இருக்கிறதென்று ஒரு மாதம் கழித்துக் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும்.

3. ஒரு திரை, ஒரு வேலை

முதல் ஆப்பில் சாட், நோட்டிபிகேஷன், ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம். முன்பண பாக்கியை மட்டும் காட்டட்டும். அது ஒரு மாதம் பிழையில்லாமல் ஓடிய பிறகு அடுத்தது.

பிளே ஸ்டோரில் ஏற்றவும் அவசரப்பட வேண்டாம். பிரௌசரில் திறக்கும் இணைப்பாகவே செய்து, போனின் முகப்பில் அதை ஒரு ஐகானாக வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் புழங்கும் கடைக்கு அது போதும். ஸ்டோருக்குப் போவதென்றால் கூகுளுக்கு ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள் முதலில் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டவும் வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இதெல்லாம் பிற்பாடு.

4. தமிழிலேயே யோசியுங்கள்

கருவியிடம் தமிழில் பேசலாம், தங்கிலீஷில் தட்டலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். மூன்றும் அதற்குப் புரியும். தமிழ் எழுத்தில் எழுதினால் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் (கருவி எழுத்தைத் துண்டாக்கி எண்ணும் அலகு) செலவாகும் என்பது உண்மை. ஆனாலும் தொழிலின் நுணுக்கத்தை எந்த மொழியில் பிசகாமல் சொல்ல முடியுமோ அந்த மொழியில் சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் 'அட்வான்ஸ்' என்று எழுதினால், விவசாயிக்கு நீங்கள் கொடுத்த முன்பணமா, வாடிக்கையாளர் உங்களிடம் கட்டிய முன்பணமா என்று அதற்குத் தெரியாது. கணக்கு தலைகீழாகிவிடும்.

முத்து அண்ணாமலை 'எழில்' என்று ஒரு நிரல்மொழியையே தமிழ்ச் சொற்களால் உருவாக்கினார். தமிழில் யோசிக்கும் பிள்ளைக்குக் கணினி அந்நியமாக இருக்கக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. அந்த அக்கறை இன்று வேறு வழியில் பலித்திருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

5. தமிழ் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'மீனாட்சி' என்ற பெயர் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினியின் எழுத்து முறையான யூனிகோடில் அது எட்டுக் குறியீடு. மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். பில்லில் இடமில்லை என்று கருவி பெயரை ஏழில் வெட்டினால் 'மீனாட்ச' என்று நிற்கும். வெட்டும்போது முழு எழுத்தாக எண்ணி வெட்டச் சொல்லுங்கள்.

வரிசைப்படுத்துவதிலும் இதே சிக்கல். யூனிகோடின் வரிசை நம் அகரவரிசை இல்லை. அங்கே 'ன' என்பது 'ப'வுக்கு முன்னாலேயே வந்துவிடும், 'ற' வந்து 'ல'வுக்கு முன்னால் நிற்கும். புள்ளி வைத்த மெய் கடைசிக்குப் போய்விடும். நூறு பெயருள்ள பட்டியலில் ஆளைத் தேட முடியாது. "தமிழ் அகரவரிசைப்படி அடுக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதற்கான வசதி கணினி மொழிகளில் உண்டு.

பிடிஎப் பில் இன்னும் மோசம். திரையில் சரியாகத் தெரிந்த தமிழ், பிடிஎப் ஆனதும் கொம்பு இடம்மாறி நிற்கும். 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். பிடிஎப் செய்யும் எளிய மென்பொருள் தொகுப்புகள் பலவற்றுக்கு இந்திய எழுத்தைக் கோத்து வடிக்கத் தெரியாது. பிரௌசரின் பிரிண்ட் வசதி வழியாகவே பிடிஎப் எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். கல்லாவில் இருக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பலவற்றுக்கு நேரடியாக அனுப்பினால் தமிழே வராது. பில்லை ஒரு படமாக மாற்றி அனுப்ப வேண்டும்.

பழைய வாடிக்கையாளர் பட்டியலை டிடிபி கடையில் அடித்து வைத்திருந்தீர்களா? அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பழைய கோப்புகள் அப்படியேதான் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றாமல் ஆப்பில் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

6. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பில் போட்டுப் பாருங்கள்

பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், பால் பண்ணை என்று விடியும் முன்னே வேலை தொடங்கும் தொழில்களுக்கு இது உயிர்நாடி. கருவி செய்துதரும் ஆப்கள் பெரும்பாலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். அது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. நமக்கு 5-ஆம் தேதி காலை 4 மணி என்றால் அங்கே 4-ஆம் தேதி இரவு 10.30. ஆகவே நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை போட்ட பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். பகல் பதினொன்றுக்கு உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு இந்தப் பிழை தென்படவே தென்படாது. மார்க்கெட்டிலோ விடியும் முன்னே வியாபாரம் தொடங்கிவிடும்.

நேரத்தைப் பொது நேரத்தில் சேமிப்பதில் தவறில்லை. 'இன்றைய கணக்கு' என்று கேட்கும்போது இந்திய நேரப்படி நாளைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கருவியிடம் சொல்லிவிட்டு, அதிகாலையில் எழுந்து நீங்களே ஒரு பில் போட்டுப் பாருங்கள். உங்கள் வியாபார நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். இரவு பதினொன்றுக்கு வந்து இறங்கும் லாரிச் சரக்கு மறுநாள் கணக்கு என்பது மண்டிக்காரருக்குத் தெரியும். கருவிக்கு யார் சொல்வது?

7. பணம்

தொகையைப் பைசாவாக, முழு எண்ணாகச் சேமிக்கச் சொல்லுங்கள். கணினி தசம எண்ணைக் கையாளும் விதத்தில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஒரு பில்லில் தெரியாது, ஆண்டுக் கணக்கில் உதைக்கும். தொகையைக் காட்டும்போது 1,00,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி வரவேண்டும். 100,000 என்று வந்தால் பெரியவர்கள் தடுமாறுவார்கள்.

க்யூஆர் அட்டையைத் திரையில் காட்டிவிட்டால் பணம் வந்ததை ஆப் அறிந்துகொள்ளும் என்று நினைக்கிறார்கள். அறியாது. சாதாரண க்யூஆரில் பணம் நேரே வங்கிக்குப் போகிறது, உங்கள் ஆப்புக்கு யாரும் சொல்வதில்லை. அது தெரிய வேண்டுமென்றால் பேமென்ட் கேட்வே வேண்டும், அதற்கு உங்கள் கடையின் ஆவணங்களைக் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். அதுவரை, பணம் வந்தது என்று கடைக்காரர் பார்த்து அழுத்தும் ஒரு பட்டன் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்கும் ஆப்பைச் செய்யாதீர்கள்.

எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புகிற நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி முறையில் முன்பதிவு செய்ய வேண்டும். கருவி இரண்டு நிமிடத்தில் கோடு எழுதிவிடும், செய்தி போகாது. கோட்டில் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்தில் கூகுள் கணக்கு வழி லாகின் போதும்.

8. அடுத்தவர் தகவலுக்கு நீங்கள் காவல்

இதில்தான் எனக்குக் கவலை அதிகம். 2025 மே மாதம் ஓர் ஆய்வு வெளியானது. லவபிள் என்ற கருவியால் செய்யப்பட்ட 1,645 ஆப்களைச் சோதித்ததில் 170 ஆப்களின் தகவல் வெளியார் எடுக்கும்படி திறந்து கிடந்தது. பெயர், மின்னஞ்சல், பணப் பாக்கி என்று பலவும். சோதித்தவர் போட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். அதனால் ஓட்டை இல்லையென்று ஆகிவிடாது. திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பின்னால் இருந்த டேட்டாபேஸில் 'இந்த வரியை இவர் மட்டும் பார்க்கலாம்' என்ற பூட்டுப் போடப்படவில்லை. செய்தவர்களுக்கு அப்படியொரு பூட்டு உண்டு என்பதே தெரிந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு போன், இரண்டு கணக்கு. ஒன்றில் ஒருவரின் பக்கத்தைத் திறந்து, அந்த இணைப்பை அப்படியே இன்னொன்றில் ஒட்டிப் பாருங்கள். லாகின் செய்யாமலும் திறந்து பாருங்கள். முகவரியில் 101 என்று இருந்தால் 102 என்று மாற்றிப் பாருங்கள். அடுத்தவர் தகவல் தெரிந்தால் ஆப்பை அன்றே நிறுத்துங்கள். ஏஐ சேவைக்கும் டேட்டாபேஸுக்கும் தரும் ரகசியச் சாவிகள் பிரௌசருக்குப் போகும் கோட்டில் இருக்கவே கூடாது. இருக்கிறதா என்று கருவியைத் தேடச் சொல்லுங்கள், ஆனால் அதன் பதிலை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். டியூஷன் ஆசிரியை அம்மா, இது உங்களுக்கு. பிள்ளைகளின் போட்டோ வேண்டாம், ஆதார் எண் வேண்டாம், வீட்டு முகவரியும் வேண்டாம். பெயர், வகுப்பு, கட்டணம் கட்டிய தேதி போதும். வாங்காத தகவல் திருடு போகாது.

9. நிஜக் கணக்கில் கருவியின் கை படக்கூடாது

2025 ஜூலையில் நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் ரெப்லிட் கருவியை வைத்து ஓர் ஆப் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஓடிக்கொண்டிருந்த நிஜ டேட்டாபேஸைக் கருவி அழித்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் பதிவுகள் அதில் இருந்தன. அழித்தது போதாதென்று, இனி மீட்க முடியாது என்றும் சொன்னது. லெம்கின் தாமே முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது. கம்பெனியின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

அதை நீங்கள் முதல் நாளே செய்யுங்கள். சோதனைக்கு ஒரு பிரதி, அதில் பொய்ப் பெயர்கள். நிஜத்துக்குத் தனியாக ஒன்று. வேலை செய்கிற நிலை வந்தவுடன் கிட் என்ற வசதியில் சேமித்துவிடச் சொல்லுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. கிட் காப்பது கோட்டைத்தான், கணக்கை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கணக்கை வாரம் ஒருமுறை எக்செல் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். இறக்கியதைத் திரும்ப ஏற்ற முடிகிறதா என்றும் ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

10. கருவி "சரிசெய்துவிட்டேன்" என்றால்

நம்பாதீர்கள், அழுத்திப் பாருங்கள். பிழைச்செய்தி வந்தால் முழுதாக ஒட்டுங்கள். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்றும் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒரே பிழை சுற்றிச் சுற்றி வந்தால் அங்கேயே நின்று வாதாடாமல், கடைசியாக ஓடிய நிலைக்குத் திரும்பிப் புதிய உரையாடலில் தொடங்குங்கள். நீளும் உரையாடலில் கருவி பழைய தவறுகளையே திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

11. உடல்நலத்தில் கை வைக்க வேண்டாம்

மருந்தின் அளவு சொல்வது, சர்க்கரைப் பரிசோதனை முடிவை வைத்து ஆலோசனை தருவது, இதெல்லாம் புதியவர் வேலை கிடையாது. நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் ஏஐயை கூகுள் உருவாக்கியபோது, அரவிந்தின் படங்களும் அதற்குப் பயன்பட்டன. ஆய்வுக் கட்டுரை 2016-இல் வெளியானது. மதுரையில் நோயாளிகளுக்கு அது பயன்பாட்டுக்கு வந்த அறிவிப்பு 2019-இல்தான் வந்தது. இடையில் மருத்துவர்களின் கணிப்போடு ஒப்பிட்டு நேரடிச் சோதனைகள் நடந்தன. உலகின் பெரிய கம்பெனியும், 1976-இல் பதினொரு படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கி வளர்த்த மருத்துவமனையும் சேர்ந்தே அத்தனை நிதானம் காட்டியிருக்கின்றன.

12. பயன்படுத்துகிறவர் பக்கத்தில் உட்காருங்கள்

ஆப்பைக் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். "இங்கே அழுத்துங்க அக்கா" என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால் அந்த இடத்தை மாற்ற வேண்டும். பூ மார்க்கெட்டில் கை ஈரமாக இருக்கும், பட்டன் பெரிதாக வேண்டும். மார்க்கெட் நெரிசலில் நெட் விட்டுவிட்டு வரும், நெட் இல்லாதபோது தட்டியது தொலையாமல் நிற்க வேண்டும். போன் பழையதாக இருக்கும். கணக்கு எழுதும் பெரியவருக்குக் கண்ணாடி இருக்கும். அவரை ஒதுக்கிவிட்டு ஆப் செய்யாதீர்கள். எந்தக் கணக்கு எங்கே பிசகும் என்று அவரைப் போல அறிந்தவர் கிடையாது. ஒரு மாதம் அவர் நோட்டிலும் எழுதட்டும், ஆப்பிலும் ஏற்றுங்கள். இரண்டும் தினமும் ஒத்துப்போன பிறகு, நோட்டை நிறுத்தலாமா என்று அவரையே கேளுங்கள்.

13. கணக்குகள் உங்கள் பெயரில் இருக்கட்டும்

இணைய முகவரி, டேட்டாபேஸ், கருவியின் சந்தா எல்லாம் கடையின் மின்னஞ்சலில் திறக்க வேண்டும், மச்சானின் மின்னஞ்சலில் வேண்டாம். இலவசத் திட்டங்களின் நிபந்தனையைப் படியுங்கள். சுபாபேஸ் போன்ற சேவையில் இலவசக் கணக்கை ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் நிறுத்திவைத்துவிடுவார்கள். மாதம் எவ்வளவு செலவாகும் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

14. திறக்கும் முன் ஒரு நாள் கூலி கொடுங்கள்

வெளியார் தகவல் ஏறப்போகும் ஆப் என்றால், பொதுவில் விடும் முன் ஒரு புரோகிராமரிடம் காட்டுங்கள். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன. தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-லிருந்து இந்த ஊருக்குப் பொறியாளர்களைத் தந்துகொண்டிருக்கிறது. ஆளுக்குப் பஞ்சமில்லை. "சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லு தம்பி" என்று இலவசமாகக் கேட்காதீர்கள். ஒரு நாள் கூலி பேசி, மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: அடுத்தவர் தகவலை யாராவது பார்க்க முடியுமா? சாவி எங்காவது வெளியே தெரிகிறதா? டேட்டாபேஸ் அழிந்தால் எத்தனை நேரத்தில் மீட்கலாம்? கருவிக்கு மாதச் சந்தா கட்டத் தயங்காதவர்கள் இந்த ஒரு நாள் கூலிக்குத் தயங்குவதைப் பார்க்கிறேன். மனிதரின் உழைப்புக்கு மரியாதை கொடுங்கள்.

15. எப்போது தொடங்குவது

சித்திரைத் திருவிழா வாரத்தில் வேண்டாம், பெரிய முகூர்த்த நாளில் வேண்டாம், பள்ளி திறக்கும் வாரத்தில் டியூஷன் ஆப் வேண்டாம். கூட்டம் குறைந்த ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து, நம்பிக்கையான ஐந்து வாடிக்கையாளரோடு தொடங்குங்கள். அதற்கு முன்பாக, இந்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இரண்டாம் அறிவுரையில் சொன்னதை எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அதை முதலில் உங்கள் கடையின் கணக்குப்பிள்ளையிடம் படித்துக் காட்டி, விட்டுப்போனது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் சேர்த்து எழுதிக்கொண்ட பிறகு கருவியைத் திறங்கள்.